வியாழக்கிழமையின் பதினேழு பிழைகள்

என் பதினான்கு வயதுப் பேத்தி பைபிள் வசனப் போட்டிக்கு நாற்பது வேத வசனங்களைப் படித்துக்கொண்டிருந்தாள். தக்கலையில் நடக்கும் போட்டிக்கு எங்கள் சபையிலிருந்து ஒரு பிள்ளையைத்தான் அனுப்புவார்கள்; இந்த முறை இவள் பெயரைக் கொடுத்திருந்தார்கள். அவளுடைய வயதுப் பிரிவில் அவளுக்கு இதுவே கடைசி வருடம். தினமும் மாலையில் அவள் ஒப்பிக்க, தாத்தாவான நான் பிழைகளை எண்ணிக் குறித்துவைப்பேன்.

திங்கள் இரண்டு. அன்று கைப்பேசியைத் தானாகவே அம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். செவ்வாய் பதினொன்று. புதன் மூன்று. வியாழன் பதினேழு; கடைசிப் பிழையைத் திருத்தியபோது புத்தகத்தைக் கட்டிலில் வீசினாள்.

"இப்பிடி எண்ணிக்கிட்டே இருக்காதிய பாட்டா. மண்டையில ஒண்ணும் நிக்க மாட்டேங்கு."

"போன்ல பாக்கது மட்டும் நிக்குதோ?"

அவள் எழுந்து போய்விட்டாள். கோபம் ஆறுவதற்குள் நான் ஞாயிறு பள்ளி ஆசிரியைக்கு போன் செய்து, "இவளுக்குக் கவனம் பத்தாது, அடுத்த பிள்ளையின் பெயரைக் கொடுத்துவிடுங்கள்" என்றேன். பேச்சு முடிய நான்கு நிமிடம்கூட ஆகவில்லை.

வெள்ளிக்கிழமை நான் கூப்பிடாமலே வந்தாள். நாற்பதையும் ஒப்பித்தாள். ஒரு பிழையும் இல்லை.

"நேத்து பரிச்ச பாட்டா. ஒறக்கமும் சரியில்ல. புத்தகத்த எறிஞ்சது தப்புதான்."

பெயரை எடுக்கச் சொன்னதை அப்போதுதான் அவளிடம் சொன்னேன்.

"நேத்துள்ள கணக்க மட்டுமா சொன்னிய?"

உடனே ஆசிரியையை அழைத்தேன். "அந்தப் பிள்ளைட்ட சொல்லியாச்சே சார். அவ அம்ம புதுத் துணி தைக்கக் குடுத்தாச்சு" என்றார். அந்தப் பிள்ளையிடமிருந்து வாய்ப்பை எப்படித் திருப்பி வாங்குவது?

என் ரத்த அழுத்தம் ஒரு நாள் கூடினால் நான் பதறி மருந்தை மாற்றுவதில்லை. ஏழு நாள் பார்த்து, சராசரி எடுத்த பிறகே மருத்துவரிடம் போவேன். முந்தின இரவின் தூக்கத்துக்கும் பரீட்சைக்கும் தக்கபடி அவள் வயதின் நினைவும் பொறுமையும் நாளுக்கு நாள் ஏறி இறங்கும். அந்த ஏற்ற இறக்கம் என் குறிப்பேட்டிலேயே இருந்தது. அதில் ஒரு நாளை மட்டும் எடுத்து அவளை அளந்துவிட்டேன்.

சனிக்கிழமை மாலை வழக்கமான நேரத்தில் வசனப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தேன். துணி மடித்துக்கொண்டிருந்தவள், "இனி எதுக்கு பாட்டா?" என்றாள். குரலில் கோபம் இல்லை. மன்னிப்புக் கேட்க இரண்டு முறை வாயைத் திறந்தேன். இரண்டு முறையும் தண்ணீர்தான் கேட்டேன். கொண்டுவந்து தந்தாள்.