நான்கு பிள்ளை என்று சொல்லி எடுத்த அறை

எனக்கு எண்பத்தெட்டு வயது. பெற்றது ஐந்து, வளர்த்து ஆளாக்கியது நான்கு. யாரிடமும் கை நீட்டாமல் வளர்த்தேன்.

மலாயாவில் கம்யூனிஸ்டுகள் காட்டில் ஒளிந்து சண்டை போட்ட அவசரகாலத்தில் என் வீட்டுக்காரர் தோட்டத்து லோரியில் போகும்போது சுடப்பட்டு இறந்தார். பெம்பான் பக்கத்து ரப்பர் தோட்டம். கருமாதி முடிந்ததும் லயத்து வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். பிள்ளைகளை அதே தோட்டத்தில் இருந்த நாத்தனாரிடம் விட்டுவிட்டு, மலாக்காவில் அறை தேடிப் பஸ் ஏறினேன்.

பசார் சந்தைப் பக்கம் கடைக்கு மேல்மாடி அறை மாத வாடகை பன்னிரண்டு வெள்ளி. கிளேபாங்கில் ஒரு கிறிஸ்தவ அக்கா வீட்டுப் பின்னறை எட்டு வெள்ளி, கிணறும் உண்டு. அதையே பேசினேன்.

"எத்தனை பிள்ளைங்கம்மா?"

"நாலுக்கா."

பிள்ளைகளின் எண்ணிக்கையை அந்நியரிடம் சரியாகச் சொன்னால் கண் பட்டுவிடும். ஒன்று குறைத்துத்தான் சொல்வோம். பெயர் கேட்டபோது மூன்றாமவளை விட்டுவிட்டேன். அவள்தான் பார்க்க லட்சணமானவள். அக்கா அதை அப்படியே எழுதி, போலீசில் முத்திரை வாங்கிக் கதவுக்குப் பின்னால் ஒட்டினார். அப்போது எல்லா வீட்டிலும் குடியிருப்பவர்களின் பட்டியல் அப்படி இருக்க வேண்டும்.

சாமானோடு வந்து இறங்கியபோது அக்கா தலைகளை எண்ணிச் சிரித்தார். "நாலுன்னியே, ஒன்னு வழியில மொளச்சிச்சா? பரவால்ல லா, நானும் வெளிய கொறச்சுத்தான் சொல்லுவேன்."

பட்டியலைத் திருத்த வேண்டும் என்று எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

மூன்றாம் மாதம் போலீஸ்காரர்கள் சோதனைக்கு வந்தார்கள். பேப்பரில் நான்கு, எதிரில் ஐந்து. யார் பிள்ளையை ஒளித்து வைத்திருக்கிறாய் என்று அதட்டி, எங்கள் இருவரையும் பொழுது சாயும்வரை ஸ்டேஷனில் உட்கார வைத்தார்கள். கண் படும் என்று அங்கே எப்படிச் சொல்வது?

திரும்பும் வழியில் அக்கா சொன்னார்: "உம்மேல கோவமில்லம்மா. எனக்கும் வயசுப் பொண்ணுங்க இருக்கு. வேற எடம் பாத்துக்க."

மிச்சமிருந்தது மேல்மாடி அறைதான். அந்தக் கடை முதலாளி நான் கொண்டுபோன பட்டியலைப் பார்த்தார். "இதுல உள்ள நாலுதான். ஒன்னு கூடினாலும் ரூம் இல்ல."

பட்டியலைத் திருத்தி வாங்கும்வரை என்று மூன்றாமவளை நாத்தனாரிடம் கொண்டுபோய் விட்டேன். அவள் அழவில்லை. "என் பேரையும் எழுதிட்டு வந்துடும்மா" என்றாள்.

அவள் பேரைச் சேர்க்கச் சொல்லி நானும் ஸ்டேஷனுக்கு நடந்துகொண்டே இருந்தேன். அதற்குள் தோட்டத்தில் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. ராத்திரி ஊரடங்கு என்று, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகக்கூடத் தோட்டத்து முள்வேலிக் கேட்டை விடியும்வரை திறக்கவில்லை. எனக்குச் செய்தி வந்தபோது அடக்கம் முடிந்திருந்தது.

அதன்பிறகு யார் கேட்டாலும் ஐந்து என்றே சொல்கிறேன்.

எழுத்துக்கூட்டித்தான் எழுதினேன். பேத்தி பக்கத்தில் இருக்கிறாள். இந்தாம்மா, முதலிலிருந்து வாசி. பெற்றது ஐந்து என்று இருக்கிறதா பார்த்துச் சொல்.