தகரத்துக்கு அந்தப் பக்கம் இருந்த டப்பா

குற்றாலத்தில், ஐந்தருவிக்குப் போகும் சாலையில் ஒரு தென்னந்தோப்பு. அதன் கருங்கல் சுவரில், அடிவரிசையில் ஒரு கல் மட்டும் ஆடும். அதை உருவினால் உள்ளே பச்சை பிளாஸ்டிக் டப்பா ஒன்று இருக்கும். அதற்குள் ஒரு சின்ன நோட்டு, பென்சில் துண்டு, யாரோ போட்டுவிட்டுப் போன சாவிவளையம், ஒரு கோலிக்குண்டு. ஜியோகேச்சிங் என்று இந்த விளையாட்டுக்குப் பெயர். ஒருவர் டப்பாவை ஒளித்து வைத்து, இருக்கும் இடத்தை அதற்கான இணையதளத்தில் பதிவு செய்வார். மற்றவர்கள் செல்போனைப் பார்த்துத் தேடி வந்து, நோட்டில் பெயரெழுதி, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போவார்கள். வைத்தவர்தான் அதற்கு உரிமையாளர். நனைந்தாலும் உடைந்தாலும் அவர்தான் வந்து பார்க்க வேண்டும்.

இந்த டப்பாவின் உரிமையாளர் ஒரு சீசனுக்குக் குளிக்க வந்தவர். வைத்தார், போனார். நான் விளையாட ஆரம்பித்தபோதே அவர் தளத்தின் பக்கம் வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன.

நான் தென்காசியில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். இந்தச் சுற்றுவட்டாரத்தில் இதை விளையாடுவது நானும், ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று அச்சன்புதூரில் இருக்கும் ஒரு அண்ணாச்சியும்தான். அண்ணாச்சி மெசேஜ் பார்ப்பதில்லை. அதனால் வெளியூர்க்காரர்கள் எல்லாரும் என்னிடம்தான் கேட்பார்கள். டப்பா இருக்கிறதா, நோட்டு காய்ந்திருக்கிறதா, அங்கே பாம்பு உண்டா. ஆரம்பத்தில் அது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

பிறகு தோப்பு கைமாறியது. லாட்ஜ் கட்டப் போகிறார்கள் என்றார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை, கடை விடுமுறையில் அந்தப் பக்கம் போனபோது, மனையைச் சுற்றி நீலத் தகர ஷீட் அடித்திருந்தார்கள். கருங்கல் சுவர் தகரத்துக்கு உள்ளே போய்விட்டது.

உரிமையாளருக்கு எழுதினேன். பதில் இல்லை. மறுபடி எழுதினேன். போட்டோ எடுத்து அனுப்பினேன். தளத்தில் இந்த டப்பாவுக்கு உள்ள பக்கத்தில், ‘கட்டட வேலை நடக்கிறது, உள்ளே போக முடியாது, யாரும் வர வேண்டாம்’ என்று குறிப்புப் போட்டேன். என்னால் போட முடிந்தது குறிப்பு மட்டும்தான். தற்காலிகமாக நிறுத்திவைக்கும் பொத்தான் உரிமையாளரிடம் மட்டும் இருக்கும். குறிப்பை யார் படிக்கிறார்கள்? பூனாவிலிருந்து ஒரு தம்பதி சாரலில் நனைந்துகொண்டே தகரத்தை ரெண்டு சுற்று சுற்றிவிட்டு, “ஒழுங்காகப் பராமரிக்க முடியாவிட்டால் ஏன் வைக்கிறீர்கள்?” என்று எனக்கு எழுதினார்கள். நான் வைக்கவில்லை என்று பதில் எழுதினேன். அதற்குப் பதில் வரவில்லை.

அந்த வாரம் அண்ணாச்சி கடைக்கு வந்தார்.

“ஏம்மா, இதுக்குப் போயி இம்புட்டு மண்டைய ஒடைக்கணுமா? தகரத்துக்கு வெளிய நானே ஒரு மாத்திர டப்பாவக் கட்டிவிட்டுட்டேன். உள்ள பேப்பர் வச்சிருக்கேன். வாறவன் எழுதிட்டுப் போவட்டும்.”

“அண்ணாச்சி, அது அவரு பேர்ல உள்ளதுல்லா? அவர்ட்ட கேக்காம நாம எப்படி இன்னொண்ணு வைக்க?”

“கேட்டா பதில் சொல்லுதாரா? சொல்லலைல்லா?”

“நீங்க வச்சது காணாமப் போனா யாரு பாக்க?”

“நான் பாத்துக்கிடுதேன்” என்று சொல்லிவிட்டு, பழைய கண்ணாடிக்கு ஸ்குரூ முடுக்கி வாங்கிக்கொண்டு போனார். மறுவாரம் கோயம்புத்தூரில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார்.

லாரி வருவதற்காகத் தகர ஷீட்டை அடிக்கடி கழற்றி மாட்டுவார்கள். அண்ணாச்சியின் மாத்திரை டப்பா எந்த ஷீட்டில் கட்டியிருந்ததோ அந்த ஷீட்டோடு அதுவும் ஊர்ந்தது. ஒருவர் வாசல் பக்கம் கிடைத்தது என்று எழுதினார். இன்னொருவர் மின்கம்பத்தின் பக்கம் என்றார். மூன்றாவதாக வந்தவருக்குக் கிடைக்கவேயில்லை. அவரும் என்னைத்தான் கேட்டார். கடையில் ஒரு பெரியவருக்கு எழுத்துப் பலகையைக் காட்டிப் படிக்கச் சொல்லிக்கொண்டிருந்தபோது அந்த மெசேஜ் வந்தது. எரிச்சலில் போனை மேஜை டிராயருக்குள் போட்டு மூடினேன்.

கடைசியில் நானே உள்ளே போய் டப்பாவை எடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன். வாசலில் சூப்பர்வைசர் நின்றார்.

“இந்தச் சுவர்ல ஒரு டப்பா இருக்கு. எடுத்துக்கிடலாமா?”

“என்ன டப்பா, மேடம்?”

“பிளாஸ்டிக் டப்பா. ஒரு விளையாட்டுக்காக வச்சது.”

“யாரு வச்சா?”

“வெளியூர்க்காரர். ஆளு யாருன்னு தெரியாது.”

“வச்ச ஆளத் தெரியாது, வச்ச எடம் மட்டும் தெரியுதாக்கும்?” என்று சிரித்தார். “ஓனர் இல்லாம யாரையும் உள்ள விடக்கூடாது, மேடம். ஞாயித்துக்கெழம வருவாரு, வாங்க.”

ஓனர் என்றதும் டப்பாவின் உரிமையாளர்தான் முதலில் நினைவுக்கு வந்தார். அவ்வளவு தூரம் அந்த ஆள் என் மண்டைக்குள் ஏறியிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை கடையில் அரைநாள் அனுமதி கேட்டுப் போனேன். கருங்கல் சுவரில் ஒரு மாட்டுவண்டி நுழையும் அளவுக்குத் திறப்பு. கல்லெல்லாம் மண்ணில் கிடந்தது. மனைக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கத்திக்கொண்டிருந்தார். சூப்பர்வைசர் என்னைக் கை காட்டினார்.

“எம்மா, நீங்கதானா அது? சுவருக்குள்ள என்னமோ இருக்குன்னு சொல்லிட்டுப் போனியளாமே? ரெண்டு பயலுவ பொதையல்னு நெனச்சு கடப்பாறையப் போட்டு ஒடச்சுட்டானுவ. இந்தச் சுவர நான் அப்படியே வைக்கலாம்னு இருந்தேன். பின்னால மண்ணு சரியாம நிக்கிறதே இதுலதான்!”

“நான் டப்பான்னுதான் சொன்னேன், சார்.”

“இந்தாங்க ஒங்க டப்பா!” என்று மணல் குவியலிலிருந்து எடுத்து நீட்டினார். மூடி விரிசல் விட்டிருந்தது. நோட்டு சாரலில் ஊறிக் கூழாகியிருந்தது. “இந்தக் கோலிக்குண்டுக்கா என் சுவரு போச்சு?”

மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். வேறென்ன சொல்வது? நான் வைக்காத டப்பாவுக்காக, நான் உடைக்காத சுவருக்காக, ஒரு மனை நிறைய ஆட்கள் பார்க்க மன்னிப்புக் கேட்டேன். ஸ்கூட்டரை ஓட்டிக்கொண்டு திரும்பும்போது குற்றாலம் முழுக்க லாட்ஜுக்குக் கூப்பிடும் ஆட்கள் கையைக் காட்டி மறித்தார்கள். யாரையாவது திட்ட வேண்டும்போல் இருந்தது. திட்டவில்லை.

வீரகேரளம்புதூரில் போலீஸாக இருக்கும் என் கணவர் கேட்டுவிட்டுச் சிரித்தார். “நல்ல வேள, மர்மப் பெட்டின்னு எவனும் ஸ்டேஷனுக்குப் போன் பண்ணல. பண்ணியிருந்தா ஒனக்கு எதிரா நாந்தான் ரிப்போர்ட் எழுதணும்.” எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்றே தளத்தைத் தன்னார்வமாக மேற்பார்வை செய்பவருக்கு எல்லாவற்றையும் விவரமாக எழுதி, டப்பாவை நிரந்தரமாக மூடிவிடச் சொன்னேன். அவர் உரிமையாளருக்கு முறைப்படி அவகாசம் கொடுத்தார். அவகாசம் முடிந்ததும் மூடினார். மூடிய அன்று மாலையே எனக்கு ஒரு செய்தி வந்தது. உரிமையாளர்தான்.

‘ஏன் மூடச் சொன்னீர்கள்? பக்கத்திலேயே எங்காவது கொஞ்சம் தள்ளி வைத்திருக்கலாமே.’

அனுப்பிய ஒவ்வொரு கடிதத்தையும், போட்டோவையும், பூனாக்காரர்கள் திட்டியதையும், சுவர் இடிந்ததையும் வரிசையாக எழுதினேன். எழுதியதைத் திருத்தாமல் அனுப்பினேன். டப்பாவை எந்த முகவரிக்கு அனுப்பட்டும் என்றும் கேட்டிருந்தேன். கட்டைவிரல் உயர்த்திய படம் ஒன்று வந்தது. அவ்வளவுதான். அதன்பின் அவர் எழுதவில்லை.

கோயம்புத்தூரிலிருந்து திரும்பிய அண்ணாச்சி கடைக்கு வந்து எல்லாவற்றையும் கேட்டார்.

“சரி விடும்மா. அச்சன்புதூர்ல ஒரு நல்ல எடம் பாத்து வச்சிருக்கேன். ஒம் பேர்ல புதுசா ஒண்ணு வச்சிருவோம்.”

“என் பேர்ல வேண்டாம், அண்ணாச்சி. ஒங்க பேர்ல வையுங்க. மெசேஜ் வந்தா நீங்களே பாருங்க. மூடணும்னாலும் நீங்களே மூடுங்க.”

 அவர், மெசேஜ் வந்தால் மணியடிப்பதுபோல் செய்துதரச் சொல்லித் தன் போனை நீட்டினார். செய்து கொடுத்தேன். அந்தப் பச்சை டப்பாவைக் கழுவித் துடைத்து அவர் கையில் கொடுத்தேன். வைத்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். நான் இன்னும் தேடிப் போகவில்லை.