மாஸி, ரீடி, செட்ஜி

“இங்கிலீஷ்ல சொன்னாத்தான் கோரை அறுபடுமாடி?” என்றாள் அத்தை. முழங்கால் தண்ணீரில் நின்று அறுத்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். காவேரிப்பாக்கம் ஏரியில் பாய்க்குக் கோரை அறுப்பதுதான் எங்கள் பிழைப்பு. அரிவாள் பிடிக்க ஆள் கம்மி, இந்த அறுப்போடு இவள் படிப்பை நிறுத்து என்று நைனாவிடம் அத்தை விடாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். நைனாவும் பாதி இசைந்துவிட்டார்.

எனக்கு ரோஷம் தாங்கவில்லை. விடுமுறையில் கரையில் உட்கார்ந்து கோரையைக் கட்டும்போதெல்லாம் வாத்தியாரம்மா சொல்லித் தந்த இங்கிலீஷை உரக்க ஒப்பித்தேன். நாணல் மண்டிய இடம் ரீடி. கோரை மண்டிய இடம் செட்ஜி. பாசி படர்ந்த கல் மாஸி. செடியின் இங்கிலீஷ் பேரைச் சொல்லிக் கடைசியில் ‘ஈ’ என்று ஓர் இழுப்பு. அந்த இடமே கண்முன் வந்துவிடும்.

“எல்லாத்துக்கும் இன்னாடி ஈ, ஈன்னு பல்லைக் காட்டற?” என்பாள் அத்தை.

ஒரு நாள் காலை, பள்ளிகளைப் பார்வையிடும் வெள்ளைக்கார அம்மாள் ஏரியைப் பார்க்க வந்தார். கொக்குகளைப் பார்த்தபடியே மதகுப் படியில் காலை வைக்கப் போனார். கசிவு நீரில் பாசி பிடித்து எப்போதும் வழுக்கும் படி அது. கையிலிருந்த கோரைக் கட்டைப் போட்டுவிட்டு எழுந்தேன்.

“மாஸி! அம்மா, மாஸி!”

குரல் தண்ணீரிலிருந்து வந்தது. அத்தை! தூக்கிய காலை அந்த அம்மாள் சட்டென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டார். “அந்தாண்ட ரீடி, சேறு ஜாஸ்தி! இந்தாண்ட வாம்மா, செட்ஜி, செட்ஜி, தரை கெட்டி!” அரிவாளை நீட்டி அத்தை வழி காட்டினாள்.

யார் கற்றுக்கொடுத்தது என்று அவர் அரைகுறைத் தமிழில் கேட்டார்.

“தோ, எங்கண்ணன் பொண்ணு. இஸ்கோல்ல படிக்குது” என்றாள் அத்தை, ஏதோ அவளே கொண்டுபோய்ச் சேர்த்தவள் மாதிரி.

இவள் படிப்பை நிறுத்திவிடாதே என்று அந்த அம்மாள், கரையில் கட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த நைனாவிடம் சொன்னார். நைனா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “படிக்கட்டும்” என்றார்.

அன்று முழுக்க எனக்குக் கால் தரையில் படவில்லை. நான் ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். அத்தனை பரிகாசத்துக்கு நடுவே அத்தை ஏன் ஒரு சொல்லைக்கூட விடாமல் பிடித்துவைத்திருந்தாள் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

இன்று ஆம்பூரில் தோல் பதனிடுகிறவர்களின் பெண்களுக்கு நானே வாத்தியாரம்மா. போன விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது ஒரு சிலேட்டு வாங்கிப்போய் அத்தையிடம் கொடுத்தேன்.

“எனக்கு இன்னாத்துக்குடி இது?” என்றாள். கை மட்டும் அதை விடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, முதல் எழுத்தை எழுதிக் காட்டினேன்.