கூரையில்லாக் கோயிலில் சேவியர் அண்ணை

பாரிசின் ரூ து ஃபொபூர் சேன்-தெனி தெருவில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது கடைக்காரர்தான் சொன்னார். "தெரியாதே? உங்கட சேவியர் அண்ணையெல்லோ காலமை மோசம் போயிட்டார்." 'உங்கட' என்ற சொல் குத்தியது. நானும் அவரும் பேசி மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. கையிலிருந்த காய்களைத் திரும்ப வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

இரங்கல் கூட்டத்தில் பேச என்னை அழைக்கவில்லை. அழைக்கப்பட்டவர்கள் அவருடைய எளிமையைப் பற்றி நன்றாகவே பேசியிருப்பார்கள். அவர் நடத்திய சிற்றிதழை உறை பிரிக்காமலே வைத்திருந்தவர்கள் அவர்கள். அந்த இதழுக்குப் பதினோரு ஆண்டுகள் அவரோடு இருந்து மெய்ப்புப் பார்த்தவன் நான்.

அண்ணை பகலில் உணவகமொன்றில் பாத்திரம் கழுவுவார். மாலையில் கார் து நோர் ரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு கஃபேயில், தண்ணீரில் ஊறிச் சுருங்கிய விரல்களால் என் வாக்கியங்களை வெட்டுவார். "வடிவா இருக்கு, தம்பி. அதாலதான் வெட்டுறன்."

ஒரு நண்பரின் மகள் திருமணத்துக்காக இருவரும் அயர்லாந்து போயிருந்தோம். மறுநாள் காலை ஊருக்கு வெளியே நடந்தபோது, வயல்களுக்கு நடுவே இடைக்காலத்துத் தேவாலயம் ஒன்று இடிந்து நின்றது. கூரை எப்போதோ போய்விட்டது. சாளரம் இருந்த கல் வளைவுக்குள் மேகம் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. சுற்றிலும் பழைய கல்லறைகள், உயர்ந்த புல்லுக்குள் ஓடங்களைப்போலச் சாய்ந்து கிடந்தன. மழை பெய்கிறதா, காற்றே நனைந்திருக்கிறதா என்று தெரியவில்லை.

அண்ணை வாசலில் குனிந்து சப்பாத்தைக் கழற்றினார்.

"கூரையே இல்லை. ஆருக்கு அண்ணை கழட்டுறியள்?"

"நான் கூரைக்கோ கழட்டுறனான்?"

வெறுங்காலோடு சுற்றிவரத் தொடங்கினார். கல்லறையோரம் புல் வெட்டிக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் வியப்படையவில்லை. சூரியன் போகும் பக்கமாகப் போகும்படி கையால் காட்டினார். அங்கும் பழைய ஆட்கள் புனித இடங்களை அப்படித்தான் வெறுங்காலோடு சுற்றுவார்களாம். "பாத்தியே, இஞ்சையும் வலம்தான்" என்று அண்ணை சிரித்தார்.

ஓரத்தில் செதுக்காத சிறு கற்கள் சில நடப்பட்டிருந்தன. பெயர் பொறிக்க வசதியில்லாதவர்களுக்கு வைத்தவை, யார் யாரென்று அவரவர் வீட்டாருக்குத் தெரிந்திருந்தது என்றார் முதியவர். அண்ணை அவற்றில் ஒன்றின் முன் முழந்தாளிட்டார். உள்ளங்கையை அதன்மேல் வைத்து, போரின் கடைசி நாட்களில் காணாமற்போன தன் மகனின் பெயரைச் சொன்னார். பிறகு நெடுநேரம் எதுவும் அசையவில்லை, மேகத்தைத் தவிர.

பாரிசுக்குத் திரும்பியதும் அதைக் கட்டுரையாக எழுதினேன். நான் எழுதியதில் அதுவே சிறந்தது. அண்ணை வாசித்துவிட்டு, "அந்தப் பேரை எடு" என்றார்.

"ஒரு சொல்லும் எடுக்க மாட்டன்."

"எடு தம்பி. என்ர மனிசி இதழை வாசிக்கிறவ. அவவுக்கு அவன் இன்னும் வருவான்."

நான் எடுக்கவில்லை. அவர் கட்டுரையை வெளியிடவில்லை. என் எழுத்தை நெரித்தார் என்று லா ஷப்பல் தமிழ்க் கடைத்தெரு முழுவதும் சொல்லித் திரிந்தேன். காரணத்தை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

செத்தவீட்டில் அண்ணையின் மனைவி, அக்கா, என்னைத் தனியே கூப்பிட்டார். "உங்கட கட்டுரையை வாசிச்சனான், தம்பி. இவர் மேசை லாச்சிக்குள்ள வைச்சிருந்தவர்."

"அண்ணைக்குத் தெரியுமோ?"

"இல்லை. எனக்கொண்டும் தெரியாதெண்டு நினைச்சுக்கொண்டே போயிட்டார். விட்டிட்டன், அவருக்கு அது ஆறுதல்." பிறகு சொன்னார்: "இனி எழுதுங்கோ. பேரை மட்டும் போடாதேங்கோ. அச்சில வந்தா முடிஞ்சுபோகும்."

என் கோபம் முழுவதும் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். அது நல்ல கட்டுரை. ஆனால் சேவியர் அண்ணையிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது ஒரு பெயரும், உறங்குகிறவனை எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல அவர் அதைச் சொன்ன குரலும்தான். இந்தப் பக்கத்தில் அதை எடுத்துவிட்டேன், அண்ணை.