மடியில இருந்த பதிமூணு நார்

இன்னிக்கு மலர்க்கொடி அக்காவ பாத்தேன்! பஸ்ல உக்காந்துதான் இத டைப் பண்றேன், எழுத்துப்பிழை இருந்தா விட்ருங்க. வீட்டுக்குப் போறதுக்குள்ள எழுதலன்னா பாதி மறந்துடும்.

நான் தஞ்சாவூர்ல பிசியோதெரபி ரெண்டாவது வருஷம். இந்த மாசம் எனக்கு ஸ்ட்ரோக் வந்தவங்களுக்குப் பயிற்சி குடுக்குற ரூம்ல போஸ்டிங். காலைல ரெண்டு பேர் வந்தாங்க. ஒருத்தங்க பேஷண்ட், பேரு ரெங்கம்மாள், அம்பத்திரெண்டு வயசு. கூட வந்தவங்கதான் மலர்க்கொடி அக்கா. குடவாசல் பக்கத்துல ஒரு ஊரு. பதினாலு பொம்பளைங்க சேர்ந்த நடவு கோஷ்டி அவங்களுது. எந்த வயலுக்கு என்னிக்கு, யாரு எந்தப் பக்கம் நிக்கணும், எல்லாம் இவங்க சொல்றதுதான். படிப்பு எட்டாவது. ஆனா இன்னிக்கு என்னைய கேட்ட கேள்விக்கு எனக்கு வேர்த்துடுச்சு.

உள்ள வந்து உக்காந்ததுமே ஆரம்பிச்சாங்க.

"ஏம்மா, கண்ணு நல்லாருக்கு. கை ஓடுது. அப்புறம் ஏன் எடது பக்கம் மட்டும் நடாம விட்டா?"

எனக்குப் புரியல. "எத நடாம விட்டாங்க?"

"சொல்லாதடி, மானத்த வாங்காத"ன்னு ரெங்கம்மாள் அம்மா சிரிச்சாங்க. வாயி லேசா கோணுச்சு, ஆனா சிரிப்பு நல்ல சிரிப்பு.

அப்ப சொன்னதுதான் இது.

போன பொரட்டாசி. சம்பா நடவு. இராஜாங்கம்னு ஒருத்தர் வயல்ல கோஷ்டி எறங்கியிருக்கு. நாத்துக் கட்ட அங்க முடின்னு சொல்லுவாங்க. இவங்க கோஷ்டிக்கு ஒரு ஒழுங்கு இருக்கு. முடியக் கட்டியிருக்குற நார, அதான் யூரியா சாக்க கிழிச்ச பிளாஸ்டிக் நார, சேத்துல போடக்கூடாது. அவுத்ததும் சேலை மடியில சொருகிக்கணும். ரெண்டு வருஷம் முன்னாடி அப்படிக் கெடந்த நாரு கால் வெரல்ல சுத்தி மலர்க்கொடி அக்கா சேத்துல குப்புற விழுந்துருக்காங்க, பல்லுல ஒண்ணு போச்சு. அன்னிலேர்ந்து இந்தச் சட்டம். டீ குடிக்க ஏறும்போது எல்லாரும் வரப்புல மடிய ஒதறி நார ஒரே எடத்துல போட்டுடணும்.

"மத்த பதிமூணு பேரும் முதல்ல என்னைய திட்டுனாளுங்க. குப்பை வண்டி மாதிரி இருக்கு வயித்துலன்னு"ன்னு சொன்னாங்க.

இந்த ஒழுங்க மனசுல வச்சுக்கங்க, பின்னாடி வேணும்.

அன்னிக்கு டீக்கு ஏறியிருக்காங்க. மலர்க்கொடி அக்காவோட பொண்ணு அறிவுமதி மயிலாடுதுறையில காலேஜ் படிக்குது. தெனமும் அதோட இன்டர்வெல் நேரத்துல, டீ குடிச்சுக்கிட்டே போன் போடுவாங்க. பேசி முடிச்சு போன பையில வச்சு வரப்புல மாட்டிட்டு எறங்கிட்டாங்க. பக்கத்து பக்கத்துலதான் ரெங்கம்மாள் அம்மாவும் இவங்களும். பேசிக்கிட்டே நடுறாங்க. யாரு வீட்டுக் கல்யாணம், யாரு மருமக கோவிச்சுக்கிட்டு போனா, எல்லாம். நடவுன்னா பின்னாடி நகந்துக்கிட்டே நடுறது, நட்டதெல்லாம் கண்ணு முன்னாடி தெரியும்.

கொஞ்ச நேரத்துல ரெங்கம்மாள் அம்மாவோட பத்தியில, அதான் அவங்க நடுற துண்டுல, எடது பக்கம் காலியா தெரிஞ்சுருக்கு. வலது பக்கம் கச்சிதமா குத்து குத்தா இருக்கு, எடது பக்கம் வெறும் தண்ணி.

"ஏக்கா, யாருக்கு ரோடு விட்டுருக்க? எம்எல்ஏ வர்றாரா?"

"எங்கடி விட்டேன்? எல்லாந்தான் நட்டுருக்கேன். ஒனக்கு கண்ணு அவிஞ்சு போச்சு."

எல்லாரும் சிரிச்சிருக்காங்க. ரெங்கம்மாள் அம்மா வெளையாடல, நெசமாவே அப்படித்தான் நெனச்சிருக்காங்க! அப்புறம் எடது கை தொங்கிடுச்சு, வாயி கோணிடுச்சு. கிறுகிறுப்புன்னு நெனச்சு வரப்புல உக்கார வச்சு, மோர் குடுத்து, வெசிறி விட்டு... (மோர் குடுத்தது தப்பு, கடைசியில சொல்றேன்.) நேரம் ஓடிடுச்சு. 108க்கு போன் பண்ணும்போது பன்னெண்டே முக்கால்.

குடவாசல்ல பாத்துட்டு தஞ்சாவூருக்கு அனுப்பிட்டாங்க. வண்டியில ரெங்கம்மாள் அம்மாவோட வீட்டுக்காரர் வீரையன் அய்யா, அப்புறம் மொழங்கால் வரைக்கும் சேத்தோட நம்ம அக்கா. ஆஸ்பத்திரி வந்து சேந்தது ரெண்டு முப்பத்தஞ்சு. உடனே ஸ்கேன். ரத்தக்கசிவு இல்ல, அடைப்புதான். ஷீபான்னு ஒரு டாக்டர் வெளிய ஓடி வந்து கேட்டது ஒரே கேள்வி.

"கடைசியா இவங்க நல்லா இருந்தத எப்ப பாத்தீங்க?"

வீரையன் அய்யா கைய கட்டிக்கிட்டு, "காலைல ஆறு மணிக்கு நல்லாத்தான்மா போனா."

டாக்டர் மூஞ்சி விழுந்துடுச்சாம். ஏன்னா, அடைப்ப கரைக்குற ஊசிய நாலரை மணி நேரத்துக்குள்ள போடணும். அதத் தாண்டுனா, கரைக்கப் போயி உள்ள ரத்தம் கசிஞ்சு உயிருக்கே ஆபத்தாயிடலாம். ஆறுலேர்ந்து கணக்குப் போட்டா எப்பவோ முடிஞ்சு போச்சு.

"இல்லம்மா, டீக்கு அப்புறமும் எங்கிட்ட பேசிக்கிட்டு இருந்துச்சு"ன்னு அக்கா. போன எடுத்துக் காமிச்சாங்க, பொண்ணுகிட்ட பேசுன நேரம் பத்து மணி பன்னெண்டு நிமிஷம். டாக்டர் கடிகாரத்த பாத்தாங்க. ரெண்டு அம்பது! பத்து பன்னெண்டுலேர்ந்து நாலரை மணி நேரம்னா ரெண்டு நாப்பத்திரெண்டு. எட்டு நிமிஷம் தாண்டிடுச்சு.

"டீக்கு அப்புறம் எவ்வளவு நேரம் நல்லா இருந்தாங்க? நல்லா யோசிச்சு சொல்லுங்க."

"வயல்ல நிக்கிறவளுக்கு மணி எப்படிம்மா தெரியும்?"

அப்ப ஒரு நர்ஸ், ரெங்கம்மாள் அம்மாவோட ஈரச் சேலைய ஒரு கவர்ல சுருட்டிக் கொண்டாந்து குடுத்திருக்காங்க. அதுலேர்ந்து ஒரு நீல நாரு தரையில விழுந்துச்சு.

அக்கா அங்கேயே ஆஸ்பத்திரி தரையில உக்காந்து சேலையப் பிரிச்சு நார எண்ணியிருக்காங்க. பதிமூணு. ரெங்கம்மாள் அம்மா டீக்கு மடிய ஒதறிட்டு எறங்குனவங்க. அப்ப பதிமூணு முடியும் டீக்கு அப்புறம் நட்டது!

"இவ ஒரு முடி நட ஆறு நிமிஷம். நான் இருவது வருஷமா பக்கத்துல நிக்கிறேன்மா, கூடவும் கூடாது கொறையவும் கொறையாது."

இராஜாங்கத்துக்கு போன் போட்டு, ரெங்கம்மா நின்ன எடத்த போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லியிருக்காங்க. அவரு செருப்ப கழட்டிட்டு எறங்கி எடுத்து அனுப்பியிருக்காரு. போட்டோவுல பச்சையா நெறஞ்ச பத்தி, கடைசியில மட்டும் எடது பக்கம் வெள்ளத் தண்ணி. அக்கா வெரல வச்சுக் காமிச்சாங்க. "எடது பக்கம் காலியா இருக்குறது கடைசி ரெண்டு முடி நட்ட எடத்துல மட்டுந்தான். அதுக்கு முன்னாடி பதினொண்ணும் சுத்தமா நட்டுருக்கா."

அக்கா போன் பேசி முடிச்சு பத்து இருபதுக்கு எல்லாரும் எறங்குனாங்க. பதினொரு முடி, அறுபத்தாறு நிமிஷம். டாக்டர் அதுலயும் ஒண்ணக் கொறச்சு, பத்து முடின்னே வச்சு, பதினொண்ணு இருபதுன்னு எழுதிக்கிட்டாங்க. அதுலேர்ந்து நாலரை மணி நேரம்னா மூணு அம்பது வரைக்கும் டைம் இருக்கு. "இத மட்டும் வச்சு நான் ஊசி போட மாட்டேன். ஆனா நீங்க பக்கத்துலயே நின்னு பேசிக்கிட்டு இருந்திருக்கீங்க, ஸ்கேன்லயும் மூளை இன்னும் பெருசா கெடல. எல்லாம் ஒத்துப் போகுது"ன்னு சொல்லிட்டு, வீரையன் அய்யாகிட்ட ஆபத்தையும் சொல்லி கையெழுத்து வாங்கி, மூணேகாலுக்கு ஊசி போட்டுட்டாங்க.

இப்ப அக்காவோட கேள்விக்கு வர்றேன். ஏன் எடது பக்கம் மட்டும்?

நான் ஒரு பேப்பர்ல வரைஞ்சு காமிச்சேன். மூளை ஒண்ணே கால், ஒண்ணரை கிலோதான். ஒடம்பு எடையில நூத்துல ரெண்டு பங்கு. ஆனா இதயம் அனுப்புற ரத்தத்துல கிட்டத்தட்ட அஞ்சுல ஒரு பங்கு அதுக்கே போகுது. கழுத்துல முன்பக்கம் ரெண்டு குழாய், பின்பக்கம் எலும்புக்குள்ள பூந்து ரெண்டு குழாய். நாலும் மேல போயி மூளைக்கு அடியில ஒரு வளையமா சேருது.

"அப்ப ஒண்ணு அடைச்சா இன்னொண்ணு குடுக்கும்ல?"

பாருங்க கேள்விய! "குடுக்கும்க்கா. பல பேருக்கு கழுத்துல ஒரு பக்கம் மெதுவா அடைச்சு, தெரியாமயே இருக்கும். ஆனா இவங்களுக்கு அடைச்சது வளையத்த தாண்டி, வலது பக்கம் பிரியுற பெரிய கிளையில."

"ஆத்துல தண்ணி ஓடுது, எங்க வாய்க்கா தலைப்புல அடைச்சுக்கிச்சு."

அதேதான். ஓரத்துல இருக்குற பகுதி மட்டும் பக்கத்து கிளையோட பொடிக் குழாய் வழியா வர்ற கொஞ்ச ரத்தத்துல தாக்குப்புடிச்சு கெடக்கும். அதக் காப்பாத்தத்தான் அந்த ஊசி, அந்த அவசரம் எல்லாம். மூளையில ரத்தத்த சேத்து வைக்க எடமே இல்ல.

"சரி, வலது பக்கம் அடைச்சா எடது பக்கம் ஏன் தெரியல?"

வலது மூளைதான் எடது கை கால ஓட்டுது. அதோட, எடது பக்கம்னு ஒரு பக்கம் இருக்குங்குற நெனப்பையே அதுதான் வச்சிருக்கு. ரத்தம் நின்னதும் அந்த நெனப்பே போயிடுச்சு. அதனாலதான் "எல்லாந்தான் நட்டுருக்கேன்"னு சண்டைக்கு வந்தாங்க. ஆஸ்பத்திரியில இருந்தப்ப கூட தட்டுல வலது பக்கம் வச்ச இட்லிய மட்டும் சாப்ட்டுட்டு, "ஏன் ரெண்டே இட்லி வச்சிருக்க"ன்னு வீரையன் அய்யாவ திட்டியிருக்காங்க. அக்காதான் தட்டத் திருப்பி வச்சாங்களாம். அந்தப் பக்கம் இன்னும் ரெண்டு இருந்துச்சு!

அக்கா நான் வரைஞ்ச பேப்பர தன் பக்கம் இழுத்து வச்சுப் பாத்தாங்க. அப்புறம் கேட்டாங்க.

"வலிக்கவும் இல்ல. கொறைஞ்சு போச்சுன்னும் தெரியல. தெரிஞ்சுக்க வேண்டியதே மூளைதான், அதுவே போயிட்டா வேற யாருக்கு தெரியும்?"

"பக்கத்துல நிக்கிறவங்களுக்குத்தான்க்கா தெரியும்"னு சொன்னேன்.

"இவதான் என் மடிய அவுத்து ஆஸ்பத்திரியில கடைவிரிச்சவ"ன்னு ரெங்கம்மாள் அம்மா அக்கா தோள்ல இடிச்சாங்க.

அப்புறம் எங்க சோதனை. ஒரு பேப்பர் நெறைய சின்னச் சின்ன கோடு இருக்கும், ஒண்ணு விடாம அடிக்கணும். அட்மிஷன் ஆன வாரத்துல எடது பாதிய தொடவே இல்ல, அந்தப் பேப்பர் ஃபைல்ல இருக்கு. இன்னிக்கு ரெங்கம்மாள் அம்மா மெதுவா, தலையத் திருப்பித் திருப்பி, எடது ஓரம் வரைக்கும் வந்தாங்க. கடைசி ஓரத்துல ரெண்டே ரெண்டு கோடுதான் விட்டுப்போச்சு.

மலர்க்கொடி அக்கா பேப்பர வாங்கி, வயலப் பாக்குற மாதிரி தூரமா புடிச்சுப் பாத்தாங்க.

"ரெண்டு குத்து விட்டுருக்கா. பரவால்ல. அத நான் நட்டுக்கிறேன். வர்ற நடவுக்கு எனக்கு எடது பக்கம் நிக்காத, வலது பக்கம் நில்லு. ஒன் எடது பக்கத்த நான் பாத்துக்கிறேன்."

இப்ப அந்தக் கோஷ்டியில ஒரு புதுச் சட்டம் இருக்கு. டீக்கு ஏறும்போது நார ஒதறிட்டு, பக்கத்துல நின்னவ மூஞ்சிய ஒரு தடவ பாக்கணும், ஒரு வார்த்த பேச வைக்கணும். அவ்வளவுதான்.

நீங்களும் இத உங்க வீட்டு குரூப்ல, ஊரு குரூப்ல போடுங்க. ஒரு பக்கம் வாயி கோணுனா, கை தொங்குனா, பேச்சு கொழறுனா, இல்ல ஒரு பக்கத்தையே மறந்த மாதிரி நடந்துக்கிட்டா, மோர் தண்ணி எதுவும் குடுக்காதீங்க, பொறையேறிடும். வெசிறிக்கிட்டு உக்காராதீங்க. 108. கடைசியா நல்லா இருந்தத யாரு பாத்தாங்களோ, அவங்கள சேறோட இருந்தாலும் வண்டியில ஏத்தி அனுப்புங்க.