மொட்டைக் கடுதாசி

கம்பவுண்டர் தேவசகாயம் காலமான செய்தி அரக்கோணத்திலிருந்து தபால் கார்டில் வந்தது. அவர் மகள் எழுதி, அடியில் தெளிவாகக் கையெழுத்துப் போட்டிருந்தாள். அந்தக் கையெழுத்தைப் பார்த்ததும் எனக்கு வெட்கமாக இருந்தது. ஏன் என்று, அவரை அறிந்த ஊர்க்காரர்களான உங்களிடம் இன்றாவது சொல்லியாக வேண்டும்.

திருத்தணி மாட்டாஸ்பத்திரியில் அவர் மருந்து கலக்கிக் கொடுத்த காலத்தில் எங்கள் நாய் மணிக்குச் சொறி பிடித்தது. முதுகில் முடி கொட்டி, ரத்தம் வரும்வரை சொறிந்துகொண்டே இருந்தது. எங்கள் தறிக்கார வீட்டில் பேச்சு தெலுங்கு. அவருக்குத் தெலுங்கு அரைகுறைதான். ஆனாலும் எங்களைக் கண்டால் ஆசையாக அதில்தான் பேசுவார். நாங்கள் எல்லோரும் அவருக்கு ‘நைனா’. அன்று மாடுகள் கத்திய இரைச்சலில் அவர் சொன்ன மருந்து என் காதில் ‘கந்தம்’ என்று விழுந்தது. எங்கள் பேச்சில் கந்தம் என்றால் சந்தனம். மலைமேல் மொட்டைத் தலைக்கெல்லாம் சந்தனம் பூசுகிற ஊரில் எனக்குச் சந்தேகம் எங்கிருந்து வரும்? எண்ணெயில் குழைத்து இரண்டு மாதம் பூசினேன். சொறி காதுவரை ஏறியது.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். “மருந்தை வெளியே விற்றுவிட்டு, வாயில்லா ஜீவனுக்குச் சந்தனம் பூசச் சொல்கிறார்” என்று மேலிடத்துக்கு ஒரு மொட்டைக் கடுதாசி போட்டேன். அவர் மருந்து விற்று நான் கண்ணால் கண்டதில்லை. எமர்ஜென்சி நேரம் அது. விசாரணை வந்தது; அவரைத் தர்மபுரிப் பக்கம் தூக்கியடித்தார்கள். பத்தாவது படித்துக்கொண்டிருந்த மகளின் படிப்பு பாதியில் நின்றது. இன்று கார்டு எழுதியவள் அவள்தான்.

திருத்தணி வீட்டைக் காலி செய்ய வந்தவர், மணியைப் பார்க்க எங்கள் வீட்டுக்கும் வந்தார்.  அவர் குனிந்து அதன் முதுகை முகர்ந்தார்.

“இன்னா நைனா, நாயி மொட்ட அடிச்சிகினு மலை எறங்கின மாரி மணக்குது?”

“நீங்க சொன்ன கந்தந்தான் சார்.”

“ஐய! நான் சொன்னது கந்தகம். கந்தகம்ப்பா!”

சிரித்தவர் சட்டென்று நிறுத்தினார். விசாரணையில் அந்தக் கடுதாசியைப் படித்துக் காட்டியிருப்பார்கள். யாருக்குச் சந்தனம் பூசச் சொன்னோம் என்று மண்டையை உடைத்துக்கொண்டிருப்பார். என்னைப் பார்த்தார். நான் நாயைப் பார்த்தேன்.

அவர் கடைக்குப் போய்க் கந்தகம் வாங்கிவந்து, தானே பொடித்து, தேங்காயெண்ணெயில் குழைத்துப் பூசிவிட்டார். மீதியைப் பொட்டலம் கட்டி, மேலே ‘கந்தகம்’ என்று எழுதி, கீழே முழுக் கையெழுத்தும் போட்டார்.

“பொட்டலத்துக்கு எதுக்கு சார் கையெழுத்து?”

“யாரு எழுதினதுன்னு தெரியணும் இல்ல, நைனா?”

மணிக்கு முடி முளைத்துவிட்டது. இரண்டு வருஷத்தில் அவர் ஓய்வுபெற்றுச் சொந்த ஊரான அரக்கோணம் திரும்பிய பிறகு ரயிலில் எத்தனையோ முறை பார்த்தேன். “நாயி எப்டிகீது?” என்பார். “நல்லாகீதுங்க” என்பேன். அதற்குமேல் நாக்கு எழவில்லை. நான் கோழை.

அந்தப் பொட்டலக் காகிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது. எண்ணெய்க் கறைக்குக் கீழே அவர் கையெழுத்து அழியவில்லை. அன்று நான் போடாத கையெழுத்தை இங்கே போடுகிறேன், கம்பவுண்டர் சார். எழுதியது நான்தான்.

கோ. முனிரத்தினம்