கண்ணாடியின் இடது பாதி

லோத்குண்டாவில் குடியிருந்தபோது எங்களிடம் ஒரு சின்ன சிவப்புக் கார் இருந்தது. செகண்ட் ஹேண்ட். என் சம்பளத்தில் வாங்கியது, என் பெயரில்தான் இருந்தது. கணவர் மாதாபூரில் ஐ.டி. கம்பெனியில் வேலை பார்த்தார். அவரை ஏற்றிப்போக வாசலுக்கே கேப் வரும். நான் ஜீடிமெட்லாவில் ஒரு மருந்துக் கம்பெனியின் லேபில் இருந்தேன். மாத்திரைகளைச் சோதித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிற வேலை. கம்பெனி வேனில் போவேன், அதே வேனில் திரும்புவேன்.

அந்த வருஷம் கோடை முடிகிற சமயத்தில் லேபின் பொறுப்பை எனக்குத் தருவதாகச் சொன்னார்கள். பொறுப்பில் இருப்பவர் மற்றவர்களுக்கு ஒரு மணி நேரம் முன்னால் வந்து லேபைத் திறக்க வேண்டும். அந்த நேரத்துக்கு வேன் கிடையாது. பஸ்ஸை நம்ப முடியாது. கார் ஓட்டி வந்தால் பொறுப்பு எனக்கு. இல்லையென்றால் என்னைவிட நாலு வருஷம் பின்னால் சேர்ந்தவனுக்கு. அவனிடம் பைக் இருந்தது.

கார் ஓட்ட எனக்குத் தெரியும். வெயிலில் எங்கே வேண்டுமானாலும் போவேன். மழை வந்தால் எடுக்கமாட்டேன். பயமெல்லாம் இல்லை, எதிரே எதுவும் தெரியாது, அவ்வளவுதான். ஜீடிமெட்லா ஃபாக்டரிகளின் புகையால் எங்கள் பக்கம் நிறுத்தி வைக்கிற வண்டிகளின் கண்ணாடியில்கூட ஒரு பிசுக்குப் படியும். மழை விழுந்ததும் வைப்பர் அதைத் தேய்த்துப் பால் மாதிரி ஆக்கிவிடும்.

"மழைக்காலம் பூரா என்ன பண்ணுவே? லீவு போடுவியா?" என்று கேட்டார் கணவர்.

"கண்ணாடிக்குத் தடவுறதுக்கு ஏதோ மருந்து இருக்காம். கேட்டுப் பாக்குறேன்."

"சரி. நல்ல மழையில ஒரு நாள் ஜீடிமெட்லா வரைக்கும் ஓட்டிக் காட்டு. நான் பக்கத்துல உக்காந்து பாக்குறேன். சரியா இருந்தா வண்டி உனக்கு. இல்லன்னா தம்பிக்குக் குடுத்துருவோம். அவன் பாவம், கச்சிபௌலிக்கு பஸ்ல தொங்கிட்டுப் போறான்."

அவருடைய தம்பிக்கு அப்போதுதான் வேலை கிடைத்துப் பெண்ணும் நிச்சயமாகியிருந்தது. ஆவணியில் கல்யாணம். கணவர் சொன்னது எனக்கு நியாயமாகவே பட்டது. சோதித்துப் பார்த்து முடிவு செய்வோம் என்கிறார். நான் தினமும் சோறு தின்பதே அந்த வேலையைச் செய்துதான்.

திருமுல்கேரியில் கார் சாமான்கள் விற்கிற ஒரு கடை இருந்தது. கடைக்காரர் தமிழர். அவருடைய பாட்டனார் வெள்ளைக்காரன் பட்டாளத்தோடு வந்து இங்கேயே தங்கிவிட்டவராம். கடைக்காரர் பேச்சில் வேண்டாம் என்பதற்கு 'நக்கோ', ஆமாம் என்பதற்கு 'ஹவ்' என்று அந்த ஊர் உருது கலந்துவரும்.

"தடவ சுலபமா இருக்கணும், எனக்கு நேரமில்ல" என்றேன்.

"சுலபம்னா இது" என்று ஒரு பாட்டிலை எடுத்து வைத்தார். "வைப்பர் தண்ணித் தொட்டியில ஊத்திட வேண்டியதுதான்."

"அப்ப இதையே குடுங்க."

"நக்கோம்மா. பட்டனை அமுக்கித் தண்ணி அடிச்சாதான் அது வேலை செய்யும். கொட்டுற மழையில எத்தினி தபா அமுக்குவீங்க?" அடுத்து ஒரு ஸ்பிரே டப்பாவைக் காட்டினார். "இதுவும் ஈஸி. ஆனா கோடு கோடா நிக்கும். வொர்க்‌ஷாப்ல விட்டா மெஷின் வச்சுப் போட்டுத் தருவாங்க, ஒரு நாள் வண்டி அவங்ககிட்ட நிக்கணும்."

"ஆட்டோக்காரங்க எதையோ தேய்க்கிறாங்களே?"

"ஹவ், புகையிலை. அதுவும் நல்லாத்தான் வேலை செய்யும். வண்டிக்குள்ள நீங்க உக்கார முடியாது, அவ்ளோதான்."

கடைசியில் உள்ளங்கை அளவு பாட்டில் ஒன்றை வாங்கினேன். துணியில் சில சொட்டு விட்டு வட்டமாகத் தேய்க்க வேண்டும். காய்ந்து வெள்ளையாகப் பூக்கும். ஈரத்துணியால் துடைத்தால் முடிந்தது, இரண்டு மாசம் நிற்கும். "கண்ணாடி மட்டும் சுத்தமா இருக்கணும்மா. பிசுக்கு மேல தடவிட்டு மருந்தைத் திட்டாதீங்க" என்றார்.

கண்ணாடி கழுவுவதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை சோப்புத் தண்ணீரில் கழுவி, ஸ்பிரிட்டால் துடைத்து, தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். எங்கும் உடையாமல் ஒரே படலமாக இறங்கியது; பிசுக்குப் போனதற்கு அதுதான் அடையாளம். பிறகு கண்ணாடியின் நடுவில் மேலிருந்து கீழாக டேப் ஒட்டினேன். ஓட்டுகிறவர் பக்கம், வலது பாதிக்கு மட்டும் மருந்து தடவினேன். இடது பாதியை அப்படியே விட்டேன்.

கணவர் காப்பி டம்ளரோடு வந்து நின்றார். "என்ன, பாதி மூஞ்சிக்கு மட்டும் பவுடர் போட்டுருக்க?"

"அது அப்படியே இருக்கணும். மழை பெய்யறப்ப ரெண்டு பக்கத்தையும் பாத்தாத்தான் மருந்து என்ன பண்ணுதுன்னு தெரியும். லேப்ல அப்படித்தான் செய்வோம்."

"வண்டியையும் லேப் ஆக்கிட்டியா!" என்று சிரித்தார். எந்தப் பாதியில் மருந்து இருக்கிறது, எதில் இல்லை என்று அவருக்குத் தெரியும். நானே காட்டினேன்.

நாலு நாள் கழித்து ஒரு சாயங்காலம் நல்ல தூறல். அவரே காரை எடுத்துக்கொண்டு அல்வாலுக்குக் காய்கறி வாங்கப் போய்வந்தார். கண்ணாடி எப்படி இருந்தது என்று கேட்டேன். "ம்" என்றார். நானும் விட்டுவிட்டேன்.

அதே வாரத்தில்தான் அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தபோது சில தாள்களைக் கொண்டுவந்து நீட்டினார். "கார் இன்ஷூரன்ஸ். பென்சில்ல குறி போட்ட இடத்துல எல்லாம் கையெழுத்துப் போடு." தலைப்பை மேலே இருந்த ஒரு தாள் மறைத்திருந்தது. அடியில் கோடுகளும் கட்டங்களும், எதுவும் நிரப்பவில்லை. ஈரக் கையைப் புடவையில் துடைத்துவிட்டுப் போட்டேன். லேபில் நிரப்பாத தாளில் கையெழுத்துப் போட்டால் அன்றைக்கே வேலை போய்விடும். பத்து வருஷத்தில் ஒருமுறைகூட நான் அப்படிச் செய்ததில்லை. வீட்டில் செய்தேன். புருஷன் நீட்டுகிற தாளையுமா படித்துப் பார்ப்பார்கள்?

ஆடி மாசம் ஒரு சனிக்கிழமை கொட்டித் தீர்த்தது. திங்கட்கிழமை நான் கம்பெனியில் முடிவு சொல்ல வேண்டும். "வாங்க, இன்னிக்குப் பாத்துரலாம்" என்று அவரை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். அல்வாலைத் தாண்டிக் கொஞ்சம் வேகம் எடுத்ததும் என் பக்கத்துக் கண்ணாடியில் மழைத்துளிகள் மணி மணியாகத் திரண்டு மேல்நோக்கி ஓடின. முன்னால் போகிற பஸ்ஸின் நம்பரைப் படிக்க முடிந்தது. அவர் பக்கம் வழக்கம்போல் பால். அவர் கதவுப் பிடியைப் பிடித்துக்கொண்டு, "மெதுவா, மெதுவா, லாரி!" என்று கத்திக்கொண்டே வந்தார். லாரி எங்கேயோ போய்க்கொண்டிருந்தது. சுசித்ரா ஜங்ஷன் வழியாக ஜீடிமெட்லா போய், கம்பெனி கேட்டைத் தொட்டுத் திரும்பி வந்தேன். ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை.

வீட்டு வாசலில் இறங்கியதும், "எனக்கு ஒண்ணுமே தெரியல. இந்த மருந்தெல்லாம் சும்மா ஏமாத்து" என்றார்.

"உங்க பக்கம் நான் மருந்தே போடலையே!"

"உன் பக்கம் தெரியுதுன்னு நீதான் சொல்ற. நான் எப்படி நம்புறது? நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா யார் பதில் சொல்றது? நீ வேன்லயே போ."

இதை எழுதுவதற்கே எனக்கு வெட்கமாக இருக்கிறது. அவர் சொன்னதை நான் நம்பினேன். தப்பு என்னுடையது, அந்தப் பாதியை வெறுமனே விட்டிருக்கக் கூடாது, இவர் பயந்துவிட்டார் என்று நினைத்தேன். "நாளைக்கு அந்தப் பக்கமும் போட்டுடறேன். இன்னும் ஒரே ஒரு தடவை வாங்க" என்று கெஞ்சினேன். "பாக்கலாம்" என்றார்.

மறுநாள் காலை பாட்டிலும் துணியுமாக வாசலுக்கு வந்து இடது பாதியைக் கழுவிக்கொண்டிருந்தேன். ஆட்டோவில் அவருடைய தம்பி வந்து இறங்கினார். கையில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல்.

"அண்ணி, இதான் அந்த மருந்தா? அந்தப் பக்கமும் போடுறீங்களா? தேங்க்ஸ் அண்ணி!"

"உங்களுக்கு யார் சொன்னது?"

"அண்ணன்தான். அல்வால் போயிட்டு வந்த அன்னிக்கே போன் பண்ணாரு. 'மழையைப் பத்திக் கவலையே படாதடா, உங்க அண்ணி என்னமோ தடவியிருக்கா, தண்ணி நிக்காம ஓடுது, பளிங்கு மாதிரி தெரியுது'ன்னாரு."

நான் துணியைக் கீழே வைத்தேன். "அப்புறம்?"

"மாப்பிள்ளைக்குக் கார் இருக்குன்னு பொண்ணு வீட்ல அண்ணன் ஆனி மாசமே சொல்லிட்டாரு. நீங்களும் உடனே ஃபார்ம்ல கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டீங்க. வேற யாரு அண்ணி இப்படிக் குடுப்பா? நாளைக்கு ஏஜென்ட் வந்து வாங்கிக்கறேன்னான்."

"அந்த ஃபைலைக் குடுங்க."

கொடுத்தார். வண்டியைப் பெயர் மாற்றுகிற படிவம். நாலு இடத்தில் என் கையெழுத்து. குழம்பு கொதித்த அன்றைக்குப் போட்டது.

அவர் சட்டைப் பையிலிருந்தே பேனாவை எடுத்தேன். லேபில் ஒரு பதிவு தப்பு என்றால் கிழிக்கக் கூடாது, கிறுக்கக் கூடாது. அடியில் இருப்பது படிக்கத் தெரிகிற மாதிரி ஒரே ஒரு கோடு போட்டு, காரணம் எழுதி, கையெழுத்தும் தேதியும் போட வேண்டும். கார் பானட்டின் மேல் வைத்து நாலு கையெழுத்தையும் அப்படியே அடித்தேன். நாலு இடத்திலும் காரணம் எழுதினேன்: 'பொய் சொல்லி வாங்கியது.'

"அண்ணி, என்ன பண்றீங்க?" தம்பியின் முகம் வெளுத்துவிட்டது. "அண்ணே! அண்ணே, இங்க வாயேன்!"

கணவர் பல் துலக்கிக்கொண்டே வந்தார். தாளைப் பார்த்ததும் வாயிலிருந்த நுரையைத் துப்பினார். "அவன் முன்னாடி என் மானத்தை வாங்காத. உள்ள வா, பேசிக்கலாம்."

"பளிங்கு மாதிரி தெரிஞ்சுதாமே?"

அவர் தம்பியை முறைத்தார்.

"நேத்து அந்த மழையில என்னை எதுக்குங்க ஓட்ட வச்சீங்க? வண்டி வேணும்னு கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா குடுத்திருப்பியா?"

"குடுத்திருக்க மாட்டேன்."

தம்பி ஃபைலை எடுத்துக்கொண்டு, "அண்ணிக்குத் தெரியாதா? என்னண்ணே நீ" என்று முணுமுணுத்தபடி, வந்த ஆட்டோ இன்னும் திரும்பாமல் நின்றதால் அதிலேயே ஏறிப் போனார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை.

திங்கட்கிழமை மழையே பெய்யவில்லை. வெயிலில் ஓட்டிப்போய் லேபைத் திறந்தேன். ஆவணியில் கல்யாணமும் நடந்தது, வாடகைக் காரில்.

அந்தக் கார் மேலும் ஆறு வருஷம் என்னிடம் இருந்தது. இரண்டு மாசத்துக்கு ஒருமுறை நடுவில் டேப் ஒட்டி வலது பாதிக்கு மட்டும் மருந்து தடவுவேன். மழையில் எங்காவது போகும்போது கணவர் இடது பக்கம் உட்கார்ந்து கண்ணைச் சுருக்கிக்கொண்டு வருவார். ஒருமுறை, "இந்தப் பக்கமும் போட்டா என்ன? ஒரு நிமிஷ வேலைதானே" என்றார்.

"அது ஏமாத்து மருந்துங்க. உங்களுக்கு எதுக்கு?" என்றேன்.